வாறன் என்று சொல்லக்கூடாத வீடு

அண்ணை,

இன்று காலை ரொக்ஸ்பரோவில் பூச்சியத்துக்குக் கீழே பன்னிரண்டு பாகை. இந்த முறை வந்த முதல் உண்மையான குளிர். படிக்குக் கீழே இருக்கும் அலுமாரியைத் திறந்து ஆறுவின் குளிர்ச்சட்டையை எடுத்தேன். உங்கள் பழைய நீல ஜாக்கெட்டை வெட்டி நீங்களே தைத்தது. சென்ட் லோரன்ட்டில் ஒரு தையல் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் ஊராருக்குத் தைத்த கை, ஒரு நாய்க்கு அளவெடுக்கும்போது மூன்று தரம் பிழைத்தது. ஜாக்கெட்டின் பையை மட்டும் நீங்கள் வெட்டி எறியவில்லை. நாய்க்கு என்னத்துக்குப் பொக்கெற் என்று கேட்டேன். "அவளுக்கும் ஏதாவது வைக்க இருக்கும்," என்றீர்கள்.

இன்று அந்தப் பைக்குள் கையை விட்டுப் பார்த்தேன். பாதி பிஸ்கட் இருந்தது. நீங்கள் நெஞ்சுக்குப் பூசும் தைலத்தின் வாசமும் துணியில் இன்னும் இருந்தது.

முப்பத்தைந்து வருடமாகச் செய்தி எழுதுகிறேன். நடந்ததை நடந்த வரிசையில் எழுதுவதும், செய்தவர் யார் என்பதை முதல் வரியிலேயே சொல்வதும் என் வேலை. என் செய்திகளை அச்சுக்குப் போகுமுன் படித்தவர் நீங்கள் ஒருவர்தான். "கூட்டம் குழப்பப்பட்டது எண்டு எழுதியிருக்கிறாய். குழப்பினது ஆர்?" என்று கேட்பீர்கள். நான் மேலே வந்து அந்த வரியைத் திருத்திக்கொண்டு என் குடியிருப்பான பேஸ்மென்ட்டுக்குத் திரும்புவேன். நம் வீட்டு வாசலில் நடந்த ஒன்றை மட்டும் நான் இதுவரை சரியாக எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

முதலாவது நெஞ்சுவலிக்குப் பிறகு நீங்கள் வேலையை விட்டீர்கள். நான்கு மாதம் கதிரையும் ஜன்னலுமாக இருந்தீர்கள். டொக்டர் நடக்கச் சொன்னார். நீங்கள் மூலையில் உள்ள டெப்பனர் கடை வரை போய் வந்து, அதுதான் நடை என்று சாதித்தீர்கள். நாய் வளர்க்கும் யோசனையைக் கொண்டுவந்தவள் உங்கள் மகள் துளசி. பந்தயத்தில் ஓடி ஓய்ந்த கிரேஹவுண்ட் நாய்களை அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து குடும்பங்களுக்குக் கொடுக்கும் ஒரு சின்னக் குழுவைக் கண்டுபிடித்து, படங்களைச் சாப்பாட்டு மேசையில் பரப்பினாள். உங்கள் மனைவி, எனக்குக் கூடப் பிறக்காத அக்கா, குசினி வாசலை விட்டு அசையவில்லை. சின்ன வயதில் நாய் கடித்த தழும்பு இன்னும் அவர் காலில் இருக்கிறது.

"நாய் வந்தா நான் பேஸ்மென்ட்டுக்குப் போயிடுவன். தம்பி மேல வந்து உங்களுக்குச் சமைக்கட்டும்," என்றார்.

"அப்ப நாய்தான் பாவம்," என்றீர்கள்.

மூன்று மாதம் வைத்துப் பார்ப்பது, அக்காவுக்கு முடியாவிட்டால் திருப்பிக் கொடுப்பது என்று பேசி முடிந்தது. பத்திரத்தில் துளசி கையெழுத்து வைத்தாள்.

அந்தக் குழுவிலிருந்து நாயைக் கூட்டி வந்த மதாம் அறுபது தாண்டிய கியூபெக் பெண். முதலில் நாயைக் கவனிக்காமல் நம் வாசலைக் கவனித்தார். வெளிக்கதவு, இடையில் சப்பாத்துக் கழற்றும் சின்ன இடம், பிறகு உட்கதவு. இரண்டு கதவும் ஒரே நேரத்தில் திறந்திருக்கக்கூடாது என்று பிரெஞ்சில் மெதுவாகச் சொன்னார். துளசி தமிழாக்கினாள். இந்த நாய்கள் ஓடத் தொடங்கினால் எங்கே நிற்பது என்று அவற்றுக்கே தெரியாது. மூன்று நிமிடத்தில் அடுத்த ஊரில் நிற்கும். வீட்டு வழியும் தெரியாது. மற்றதெல்லாம் பிழைத்தால் திருத்தலாம், வாசல் பிழைத்தால் திருத்த முடியாது. நான் பழக்கத்தில் அதைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதினேன். அந்தப் பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது. எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது.

நாய்க்கு மெல்லிய சாம்பல் நிற உடம்பு. கூட்டில் படுத்துப் படுத்து தொடையில் மயிர் உதிர்ந்திருந்தது. இரண்டு காதுக்குள்ளும் பச்சை குத்திய இலக்கங்கள். ஐந்து வயதில் அவள் படியைக் கண்டதில்லை, கண்ணாடிக் கதவைக் கண்டதில்லை. அக்காவின் பிரஷர் குக்கர் சத்தத்துக்கு அரை மணி நேரம் சிலைபோல நின்றாள். பந்தயத்தில் அவளுக்கு இருந்த பெயர் பறக்கிறது, பாய்கிறது என்ற மாதிரி ஏதோ. நீங்கள் அதை வேண்டாம் என்றீர்கள். "ஓடினது காணும். இனி ஆறுதலா இருக்கட்டும்," என்றீர்கள். அதுவே பெயராயிற்று. ஆறுதல். துளசி அதை ஆறு என்று சுருக்கினாள்.

ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று பழக்கச் சொல்லியிருந்தார் மதாம். துளசி பிரெஞ்சில் கூப்பிட்டுப் பார்த்தாள், அவள் திரும்பவில்லை. நீங்கள் கோழித்துண்டைக் காட்டி "வா" என்றீர்கள், வந்தாள். உங்களுக்கு அன்றைக்கு இருந்த பெருமையை என்னால் மறக்க முடியாது. எல்லாம் பிரெஞ்சில்தான் என்ற கியூபெக் சட்டம் நாய்க்கும் இருந்தால் வீட்டுக்கு இன்ஸ்பெக்டர் வருவான் என்று நான் பகிடி விட்டேன்.

நாங்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. "வா" என்றால் கோழித்துண்டு. ஆனால் அதைவிடப் பெரிய சொல் ஒன்றையும் அவள் தானாகப் பிடித்துக்கொண்டாள். காலையிலும் பின்னேரமும் அவளை நடத்திக்கொண்டு போகுமுன் நீங்கள் குசினிப் பக்கம் பார்த்து அக்காவுக்குச் சொல்வது: "அப்ப வாறன்." உடனே கயிறு வரும், கதவு திறக்கும், தெரு வரும். எங்கள் ஆட்கள் எவரும் வீட்டைவிட்டு இறங்கும்போது போறன் என்று சொல்வதில்லை. போகிறவன் திரும்பி வரவேண்டும் என்பதால் வாறன் என்றுதான் சொல்வோம். நாய்க்கு அந்த இலக்கணம் தெரியாது. அவளுக்கு வாறன் என்றால் கதவு.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அக்காவின் தம்பி குடும்பம் ரொறன்ரோவிலிருந்து வந்து, மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பப் புறப்பட்டது. மூன்று மாதத் தவணையில் இரண்டு கிழமை மிச்சம். அக்கா இன்னும் அவளைத் தொட்டதில்லை. ஒருநாள் சமைத்துக்கொண்டு நின்றபோது ஆறு பின்னால் வந்து தன் பாரம் முழுவதையும் அவர் காலில் சாய்த்தது, சோறு குழையும் வரை அக்கா அசையாமல் நின்றது, அவ்வளவுதான் இருவருக்கும் பழக்கம்.

நம் ஆட்கள் விடைபெறுவது உங்களுக்குத் தெரியும். சப்பாத்துப் போட்ட பிறகுதான் முக்கியமான கதை தொடங்கும். சப்பாத்துக் கழற்றும் இடத்தில் நான்கு பேர், உட்கதவில் சாப்பாட்டுப் பெட்டிகளோடு அக்கா, அவருக்குப் பின்னால் நீங்கள். "அப்ப வாறம் அக்கா." "ஓம், வாங்கோ." "வாறம் அத்தான்." ஒவ்வொரு தரமும் முன்னறையில் மெத்தையில் கிடந்த ஆறுவின் தலை நிமிர்ந்தது. மூன்றாம் தரம் எழுந்து வந்து உங்கள் பின்னால் நின்றாள். கழுத்தில் பட்டி இல்லை. வீட்டுக்குள் நுழையும்போது நாங்கள் சப்பாத்தைக் கழற்றுவதுபோல அவள் பட்டியையும் நீங்கள் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவீர்கள்.

நான் டவுன்டவுனில் உள்ள பத்திரிகை அலுவலகத்துக்குப் போகவேண்டியிருந்தது. பஸ் இரண்டு பதினெட்டுக்கு. உட்கதவு திறந்திருந்ததைக் கண்டேன். எல்லோருக்கும் இடையால் புகுந்து போய் வெளிக்கதவைத் திறந்தேன். திரும்பி உங்களைப் பார்த்துச் சொன்னேன்: "அப்ப வாறன் அண்ணை."

அவள் என் இடுப்புக்கும் கதவு நிலைக்கும் நடுவால் போனாள். சத்தமே இல்லை. என் கைவிரலில் அவள் மயிர் பட்டது மட்டும் தெரிந்தது. நான் திரும்பிப் பார்த்தபோது தெருவைக் கடந்து எதிர்வீட்டுப் பனிக்குவியலின் மேலே நின்றாள். அடுத்த கணம் அதுவும் வெறுமையாக இருந்தது.

பூச்சியத்துக்குக் கீழே இருபத்துமூன்று. அவள் தோலில் கொழுப்பு இல்லை. நீங்கள் சேட்டோடும் வீட்டுச் செருப்போடும் என்னைத் தாண்டி ஓடினீர்கள். நெஞ்சில் ஏற்கெனவே இரண்டு குழாய் வைத்த மனிதர். அக்கா உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதை அன்றுதான் முதல்முறை கேட்டேன்.

தெரு முடிவில் பார்க். பார்க்குக்கு அந்தப் பக்கம் ரயில் பாதை. புது ரயில் அப்போது மக்களுக்குத் திறக்கப்படவில்லை. சாரதி இல்லாத வெறும் பெட்டிகளை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தண்டவாளத்தில் ஒரு நாய் நின்றால் முன்னாலிருந்து காண்பதற்கு அதில் ஆள் இல்லை. வேலி இருந்தது, ஆனால் அந்த வருடப் பனி வேலியின் முக்கால் உயரத்துக்கு ஏறியிருந்தது.

துளசி காரை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றினாள். மதாமுக்குப் போன் பண்ணிவிட்டு எனக்குச் சொன்னாள்: "மாமா, துரத்தக்கூடாதாம். கத்தவும் கூடாதாம். அப்பாவை நிப்பாட்டுங்கோ."

பார்க் நடுவில் உங்களை எட்டிப் பிடித்தேன். என் கோட்டைக் கழற்றி உங்கள் மேலே போட்டேன். உங்கள் உதடு நீலமாக இருந்தது. நாற்பது அடி தூரத்தில், வேலியோடு சேர்ந்த பனிச்சரிவில் அவள் நின்றாள். உடம்பு முழுவதும் நடுங்கியது. முன்கால் ஒன்று பனிக்கட்டியில் வெட்டுப்பட்டு, அடியில் பனி சிவந்திருந்தது. நான் ஓரடி வைத்தேன். அவள் ஓரடி மேலே ஏறினாள்.

"நில். அசையாதை," என்றீர்கள். பிறகு பனியில் குந்தியிருந்தீர்கள். தாழ்ந்த குரலில் "ஆறு, வா" என்றீர்கள். காது அசைந்தது. வரவில்லை. மறுபடி கூப்பிட்டீர்கள். மூன்றாம் தரம் உங்கள் குரல் வெளியே வரவில்லை. இடது கை கோட்டுக்குள் போய் நெஞ்சைத் தடவத் தொடங்கியது. அப்போது தண்டவாளம் இரையத் தொடங்கியது. வண்டி இன்னும் கண்ணுக்குத் தெரியவில்லை. அந்த மெல்லிய இரைச்சல் மட்டும். அவள் முன்காலைத் தூக்கி வேலியின் மேற்கம்பியில் வைத்தாள்.

உங்கள் கையைப் பார்ப்பதா அவள் காலைப் பார்ப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டுக்கும் காரணம் நான் என்பது மட்டும் தெரிந்தது.

நீங்கள் என் தோளைப் பிடித்து எழுந்து, அவளுக்கு முதுகைக் காட்டி நின்றீர்கள். கைவிட்டுவிட்டீர்கள் என்று நினைத்தேன். அப்போது, சாப்பாடு முடிந்து கைகழுவிவிட்டு வந்தவர் வாசலில் நின்று சொல்வதுபோல, சாதாரணக் குரலில் சொன்னீர்கள்:

"சரி தம்பி, நேரமாச்சு. அப்ப நான் வாறன்."

எனக்கு விளங்கவில்லை. "நீயும் சொல்லடா," என்று பல்லுக்குள் சொன்னீர்கள்.

"ஓம் அண்ணை. நானும் வாறன்."

வீடுகளைப் பார்த்து நடந்தோம். திரும்பிப் பார்க்கவேண்டாம் என்று என் கையை அழுத்தினீர்கள். ரயில் பின்னால் வந்து, நீண்ட நேரம்போல எங்களைக் கடந்து போயிற்று. அந்தச் சத்தத்துக்குள் வேறு எதுவும் கேட்கவில்லை. பத்து அடி நடந்திருப்போம். பதினொன்றாவது அடியில் என் புறங்கையில் குளிர்ந்த, ஈரமான ஒன்று பட்டது. அவள் மூக்கு.

வீட்டில் ரொறன்ரோக்காரர் இன்னும் கோட்டோடு நின்றார்கள். அக்கா நிலத்தில் குந்தியிருந்து, வெந்நீரில் பிழிந்த துவாயால் அவள் காலைச் சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்தார். முதலில் அவள் கால், பிறகுதான் நீங்கள். நீங்கள் அதைக் கவனித்துச் சிரித்ததையும் கண்டேன். தவணையைப் பற்றி அதற்குப் பிறகு ஒருவரும் பேசவில்லை.

துளசிதான் கேட்டாள். பத்திரத்தில் கையெழுத்து வைத்தவள், மதாமுக்கு அவள் பதில் சொல்லவேண்டும். "கதவை ஆர் திறந்தது?"

"கதவு சரியாச் சாத்துப்படேல்லைப் போல," என்று நான் சொன்னேன்.

செய்தவர் இல்லாத வசனம். வேறு யாராவது எழுதியிருந்தால் நீங்கள் சிவப்புப் பேனாவை எடுத்திருப்பீர்கள். என்னை ஒரு கணம் பார்த்தீர்கள். பிறகு மகளிடம் சொன்னீர்கள்: "கதவில பிழையில்லை, பிள்ளை. சொல்லிலதான் பிழை. ஆளுக்காள் வாறன் வாறன் எண்டு சொன்னா அவள் என்ன செய்வாள்? இனி இந்த வீட்டில ஒருத்தரும் வாறன் எண்டு சொல்லக்கூடாது. போறதெண்டா போறன்."

அப்படித்தான் அந்தச் சட்டம் வந்தது. வருகிறவர்கள் திகைத்தார்கள். நல்ல நாளில் வந்துவிட்டு எப்படிப் போறன் என்று சொல்வது என்று உங்கள் பெரியப்பா மகன் சப்பாத்தோடு நின்று வாதாடினார். அபசகுனம் என்றார். "நாய்க்குச் சகுனம் தெரியாது. தமிழ் தெரியும்," என்றீர்கள். கடைசியில் அவர் எதுவும் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டிவிட்டு இறங்கினார். கொஞ்ச நாளில் எங்கள் நான்கு பேருக்கும் அது பழகிவிட்டது. நான் வேலைக்குப் போகும்போது மேலே பார்த்து "போறன்" என்பேன். "போ," என்பீர்கள். ஆறு தலையை நிமிர்த்தமாட்டாள்.

அடுத்த செப்டெம்பரில் உங்களுக்கு நெஞ்சைத் திறந்து ஒப்பரேஷன் செய்யவேண்டும் என்றார்கள். ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்ட அன்று காலை பத்துமணி. துளசி காரில் இருந்தாள். அக்கா பையோடு சப்பாத்துக் கழற்றும் இடத்தில் நின்றார். நான் உட்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்றைக்குப் பிறகு அந்தக் கதவைப் பிடிப்பது என் வேலையாகிவிட்டிருந்தது. ஆறு மெத்தையில் கிடந்து உங்களையே பார்த்தாள். நீங்கள் சப்பாத்தைப் போட்டு நிமிர்ந்தீர்கள். வாய் திறந்தது. ஒரு கணம் நின்றது. அந்தக் கணத்தை நான் கண்டேன், அண்ணை. பிறகு அவளைப் பார்த்தீர்கள். என்னைப் பார்த்தீர்கள்.

"போறன்," என்றீர்கள்.

அக்காவின் கையிலிருந்த பை நிலத்தில் இருந்தது. வைத்ததா விழுந்ததா என்று என்னால் சொல்லமுடியாது. நான் "போ" என்று உங்களுக்குச் சொல்ல முடியுமா? "ஓம் அண்ணை," என்று மட்டும் சொன்னேன்.

மூன்றாம் நாள் நீங்கள் இல்லை.

செத்தவீட்டுக்கு வருகிறவர்கள் விடைபெறுவதில்லை. சொல்லாமல் எழுந்து போவார்கள். முப்பத்தொரு நாள் இந்த வீட்டில் ஒருவரும் வாறன் என்று சொல்லவில்லை, போறன் என்றும் சொல்லவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்து ஆட்கள் பழையபடி வாறம் என்று சொல்லத் தொடங்கியபோது, நான் ஓடிவந்து உட்கதவை மூடினேன். ஆறு எழுந்து வந்தாள். மூடிய கதவின் முன்னால் நின்று, போகிறவர்களைப் பார்க்காமல், ஆணியில் தொங்கிய தன் கயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அக்கா ஒருநாள் தேத்தண்ணி வைத்துத் தந்துவிட்டுச் சொன்னார்: "அண்டைக்கு மட்டும் அவர் வாறன் எண்டு சொல்லியிருக்கலாம் தம்பி. நாயை நான் பிடிச்சிருப்பன்."

அதற்கு மேல் என்னால் வைத்திருக்க முடியவில்லை. வெளிக்கதவைத் திறந்தது நான் என்றேன். உள்ளது திறந்திருப்பதைக் கண்டுகொண்டே திறந்தேன் என்றேன். துளசிக்குப் பொய் சொன்னேன், அந்தப் பொய்யை மறைக்கத்தான் அவர் சட்டத்தை உண்டாக்கினார், அந்தச் சட்டத்தால்தான் அன்று காலை அப்படிச் சொன்னார் என்றேன்.

"நீர் திறந்தது எனக்குத் தெரியாதே? பெட்டியோட பக்கத்தில நிண்டது நான்தானே," என்றார் அக்கா. பிறகு, "துளசிக்கு நீர்தான் சொல்லவேணும். நான் சொல்லமாட்டன்," என்றார்.

துளசிக்கு அன்று பின்னேரமே சொன்னேன். அவள் ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. எட்டாம் நாள் கீழே வந்து, ஆறுவின் கயிற்றை என் கையில் தந்துவிட்டுப் போனாள்.

நீங்கள் அந்தச் சொல்லைத் தெரிந்து சொன்னீர்களா, அவளுக்காகச் சொன்னீர்களா, பழக்கத்தில் வந்ததா என்று எனக்குத் தெரியாது. வாய் திறந்து நின்ற அந்தக் கணத்தில் வேறு ஒரு சொல் இருந்தது என்று நினைக்கிறேன். நினைப்பதைச் செய்தியாக எழுதுவதில்லை. நான் எழுதக்கூடியது இவ்வளவுதான்: கதவைத் திறந்தவன் நான்.

இன்று காலை உங்கள் ஜாக்கெட்டை அவளுக்கு மாட்டி, பையில் புதிதாக ஒரு பிஸ்கட்டை வைத்தேன். பாதி பிஸ்கட்டையும் அதற்குள்ளேயே விட்டுவிட்டேன். பார்க் வரை போய், வேலியோரமாக நடந்து வந்தோம். இப்போது அந்த ரயிலில் ஆட்கள் போகிறார்கள். வீட்டுக்கு வந்து வெளிக்கதவைச் சாத்தி, சாத்துப்பட்டதா என்று இழுத்துப் பார்த்து, பிறகுதான் உட்கதவைத் திறந்தேன். அவள் இப்போது என் கால்மாட்டில், கிரேஹவுண்ட் வழக்கப்படி, கண்ணைத் திறந்தபடி நித்திரை.

இன்னும் கொஞ்ச நேரத்தில் நான் வேலைக்குப் போகவேண்டும். மேலே அக்காவுக்குப் போறன் என்றுதான் சொல்வேன். இந்த வீட்டில் சத்தமாகச் சொல்லக்கூடியது அது ஒன்றுதான். ஆனால் இது கடிதம். எழுதுவது ஆறுவுக்குக் கேட்காது.

அப்ப வாறன், அண்ணை.